எடைப்பாலக் கிராணி தலையில் கட்டிப் பார்த்த மூன்று லைட்டுகள்

எடை போடுவது என் பிழைப்பு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில், எடைப்பாலத்தில் பதினொரு வருடமாகக் கிராணி வேலை. குலை ஏற்றி வரும் லோரியை உள்ளே வரும்போது ஒரு தடவை, இறக்கிவிட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை எடை பார்த்து, கழித்து, சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். "ஒம்பது டன் இருக்கும்க்கா" என்று டிரைவர் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. பாலத்தில் ஏறி நின்றால்தான் கணக்கு. அந்தப் புத்தியை, மவுண்டன் பைக்குக்கு லைட் வாங்கிய அன்றைக்கு மட்டும் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டேன்.

இரவில் எதற்குச் சைக்கிள் என்று கேட்பவர்களுக்கு: பகலில் நேரம் கிடையாது, கிடைத்தாலும் வெயில் மண்டையைப் பிளக்கும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதனால் இங்கே ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆனால் அந்த வெளிச்சமெல்லாம் சோறாக்கவும் மகனின் வீட்டுப்பாடத்துக்கும் சரியாகப் போய்விடும். எட்டு மணிக்கு மேல்தான் எனக்கு விடுதலை. புதன், சனி இரண்டு நாளும் ஐந்து பேர் கிளம்புவோம்: நான், என் வீட்டுக்காரர், தம்பி, டயர் கடை தவுக்கே (முதலாளி), பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் சிக்கு (வாத்தியார்) ஒருவர். மிச்சமிருக்கும் பால்மர (ரப்பர்) காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர், அப்புறம் செம்பனை, படிப்படியாக வெட்டிய மேடு, இறக்கம், செம்மண் சாலை, கடைசியில் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரேக், அதாவது ஆற்றிய டீ.

ஹேண்டிலில் ஒரு லைட் இருக்கும்போது தலையில் எதற்கு இன்னொன்று? முதல் மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹேண்டில் லைட், சைக்கிள் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கத்தைத்தான் காட்டும். நாம் போகப் போகிற பக்கத்தைக் காட்டாது. பால்மர நிரைக்குள் சட்டென்று திரும்பும் இடத்தில் வெளிச்சம் முழுக்க எதிரே இருக்கும் மரத்தில் போய் அப்பிக்கொள்ளும். பட்டையில் பழைய வெட்டுக் கோடு, கவிழ்ந்து தொங்கும் கோப்பை, அதன் விளிம்பில் ஊரும் எறும்பு எல்லாம் துல்லியமாகத் தெரியும். போக வேண்டிய பாதை மட்டும் இடது பக்கம் இருட்டில் கிடக்கும். தலையில் கட்டிய லைட் அப்படியில்லை. கண் போகும் பக்கம் கழுத்தும் திரும்பிவிடும், வெளிச்சமும் கூடவே போய்விடும்.

அதற்காக ஹேண்டில் லைட்டைக் கழற்றிவிடாதீர்கள். நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். எங்கள் பாதையில் ஒரு இறக்கத்தின் நடுவே பால்மர வேர் ஒன்று குறுக்கே ஓடுகிறது. என் மணிக்கட்டு கனம் இருக்கும். ஹேண்டில் லைட்டில் பார்த்தால் வேருக்குப் பின்னால் ஒரு முழத்துக்குக் கறுப்பாக நிழல் விழும். பாம்போ என்று பதறி பிரேக்கைப் பிடிப்போம், நல்லதுதான். தலை லைட்டில் மட்டும் பார்த்தால் அதே வேர் மண்ணில் சாயத்தால் வரைந்த கோடு மாதிரி தட்டையாகக் கிடக்கும். காரணம் எளிது. விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால், நிழல் வேருக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. மேடு பள்ளத்தை நமக்குக் காட்டிக் கொடுப்பது நிழல்தான். அதனால் ஹேண்டிலில் அகலமான வெளிச்சம், தலையில் குறுகிய வெளிச்சம், இரண்டும் வேண்டும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ஹேண்டில் லைட்டையே வாங்குங்கள்.

இப்போது நான் வாங்கிய கதை.

முதல் லைட் கைப்பேசியில் பார்த்து வாங்கியது, 58 வெள்ளி (ரிங்கிட்). பெட்டியில் 6000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருந்தது. இரண்டு கண், ஒரு வயர், நான்கு செல் அடங்கிய பேட்டரி உறை, அதன் மேல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதற்கு 12000 மில்லி ஆம்பியர் மணி என்று தங்க எழுத்து. வந்த அன்றைக்கே கட்டிக்கொண்டு போய்விட்டேன். மூன்றாவது ஓட்டத்தில், செம்பனைக்குள், 38-ஆவது நிமிடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது. மங்கவும் இல்லை, சிமிட்டவும் இல்லை. எதிரே கால்வாய், அதன் மேல் இரண்டே பலகை. சைக்கிள் பலகையில் போயிற்று, நான் கால்வாயில் போனேன். இடுப்பளவு தண்ணீர்தான், ஆனால் ஆலைக்காரிக்குத் தெரியும் அந்தத் தண்ணீரில் என்னவெல்லாம் ஊறியிருக்கும் என்று.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, முறுக்கு மாவு நிறுக்கும் சமையலறைத் தராசை எடுத்தேன். பேட்டரி உறையோடு சேர்த்து 142 கிராம். இந்த மாதிரி லைட்டுகளில் இருப்பது 18650 என்ற செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அதிலிருந்து வந்ததுதான். நல்ல செல் ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும். நான்கு செல் என்றால் உறை இல்லாமலே 180 கிராம் வர வேண்டும். உள்ளே இருந்தது பாதி காற்று. இன்னொன்றும் தெரிந்து வையுங்கள்: இந்த அளவு செல் ஒன்று உண்மையில் பிடித்து வைப்பது அதிகபட்சம் 3500 மில்லி ஆம்பியர் மணி சுமார்தான். ஒரே செல்லுக்கு 9900 என்று போட்டிருந்தால் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், விவாதம் வேண்டாம். எடைச் சீட்டு இல்லாமல் லோரியை உள்ளே விட்டவள் நான். யாரைக் குறை சொல்ல?

இரண்டாவது லைட்டை ஈப்போவில் ஒரு சைக்கிள் கடையில் கையில் வாங்கிப் பார்த்து எடுத்தேன். பேட்டரி உள்ளேயே இருக்கும் ஒரே துண்டு, வயர் கிடையாது, 1000 லூமென். 230 வெள்ளி. வெளிச்சத்தில் பொய் இல்லை. தம்பி, "அக்கா, கார் வருதுன்னு ஒதுங்கிட்டேன்" என்றான். ஆனால் எடை 171 கிராம், பிடியோடு சேர்த்து 190. இது ஹேண்டிலில் ஒன்றுமே இல்லை. தலையின் உச்சியில் வைத்தால் வேறு கதை. சமதரையில் தெரியாது. இறக்கத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஹெல்மெட் முன்னால் சரிந்து புருவத்தில் வந்து உட்காரும். வாரைப் பின்னால் இறுக்கினால் தாடை வலிக்கும். ஒரு மணி நேரத்தில் பிடரியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருக்கும். தாழ்ந்து தொங்கும் இளம் செம்பனை மட்டை ஒன்று அந்த லைட்டில் மாட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்த இழுப்பை இன்னும் மறக்கவில்லை. உயரமாகத் துருத்திக்கொண்டிருக்கும் எதையும் ஹெல்மெட்டில் வைக்காமல் இருப்பது நல்லது என்பதை அந்த மட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

இதில் இன்னொரு சங்கதி. மேட்டில் நடை வேகத்துக்கு இறங்கினால் லைட் தானாகவே மங்கிவிடும். பழுது இல்லை. எல்இடி சூடாகும், அந்தச் சூட்டை எதிர்க்காற்றுதான் எடுத்துப் போக வேண்டும். மணிக்கு ஆறு கிலோமீட்டரில் காற்று எங்கே வரும், அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில்? உள்ளே இருக்கும் மின்சுற்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைக் குறைக்கும். மேட்டில் அவ்வளவு வெளிச்சம் தேவையும் இல்லை என்பதால் இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். குளிர் நாட்டில் எடுத்த சோதனையைப் பார்த்து நம் இரவுக்குக் கணக்குப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

அந்த லைட்டோடு ஒரு புதன்கிழமை வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடி, மண்டையில கல்லைக் கட்டிக்கிட்டுப் போற?"

அம்மா இருபத்து நான்கு வருடம் பால் வெட்டியவர். வெயில் ஏறும் முன், மரம் குளிர்ந்திருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே நிரைக்குப் போவார்கள். முதலில் கார்பைட் விளக்கு. கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட அசிட்டிலின் வாயு வரும், அதுதான் எரியும். அந்தப் பூண்டு வாடை இன்னும் தன் மூக்கில் இருக்கிறது என்பார். பிறகு பேட்டரி விளக்கு வந்தது. பெட்டி இடுப்பில், வயர் முதுகோடு மேலே, பல்பு மட்டும் நெற்றியில்.

"பெட்டியையும் நெத்தியில கட்டியிருந்தா நாலு மரம் வெட்டறதுக்குள்ள கழுத்து ஒடிஞ்சிருக்கும். வெளக்கு கண்ணு கூடப் போவணும். தலைய இழுக்கக் கூடாது."

நானூறு, ஐந்நூறு மரத்துக்குக் குனிந்து நிமிர்ந்த தலை அது. லூமென் என்ற வார்த்தையே தெரியாமல், எனக்கு 288 வெள்ளி செலவில் புரியாததை ஒரு வாயில் சொல்லிவிட்டார்.

மூன்றாவது லைட் அம்மா சொன்ன கணக்குதான். டயர் கடை தவுக்கே தன் மகன் விட்டுவிட்டுப் போன பழைய லைட் ஒன்றை 120 வெள்ளிக்குக் கொடுத்தார். பேட்டரி தனி, ஒரு மீட்டர் வயர், தலையில் ஏறும் துண்டு மட்டும் தனி. அந்தத் துண்டு தராசில் 68 கிராம். கோழி முட்டை ஒன்றின் எடை. கம்பெனிப் பெயர் வியர்வை பட்டுப் பட்டு அழிந்துவிட்டது, ஒரு எழுத்தும் அதில் பாதியும்தான் மிச்சம். வெளிச்சம் இரண்டாவதைவிடக் குறைவு, 700 லூமென் இருந்தால் பெரிது. ஆனால் அந்த வெளிச்சம் சிதறாமல் ஒரு தட்டு அளவுக்குக் குவிந்து போகிறது. கட்டி இரண்டு நிமிடத்தில் தலையில் இருப்பதே மறந்துவிட்டது; ஒரு தடவை வீட்டுக்குள் வந்து அதோடேயே சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 190 கிராம்காரர் ஹேண்டிலுக்கு இறங்கினார். அங்கே அவர் பிரமாதம்.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதில் மட்டும் கவனம். முதுகுப் பையின் நடுவில் வைத்தால் மல்லாக்க விழும்போது முதுகெலும்பில் குத்தும். நான் பையின் பக்கவாட்டில், மழைச்சட்டையில் சுற்றி வைக்கிறேன். வயரைப் பையின் தோள்வாரோடு ஒரு தடவை சுற்றிவிட்டால் மட்டையில் மாட்டாது. சார்ஜ் போடுவதும் அப்படித்தான்: ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்குவது வேண்டாம், மெத்தை மேலும் வேண்டாம். கல் தரை, கண் பார்வை.

புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியில் எதைப் படிக்க வேண்டும் என்று சிக்கு ஒரு நாள் மாமாக் கடையில் ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். லூமென் என்பது லைட்டிலிருந்து மொத்தமாக வெளியே வரும் ஒளி. அது எங்கே போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. தலை லைட்டுக்குப் பார்க்க வேண்டியது கேண்டெலா, அதாவது நடுவில் எவ்வளவு குவிகிறது என்பது. கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த இடத்தில் விழும் வெளிச்சம் லக்ஸில் கிடைக்கும். 10,000 கேண்டெலா என்றால் 20 மீட்டரில் 25 லக்ஸ். அதே லைட்டின் பெட்டியில் "200 மீட்டர் தூரம்" என்று போட்டிருப்பார்கள். அதுவும் பொய் இல்லை. எஃப்எல்1 என்ற டார்ச் லைட் தரத்தின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரை அளப்பார்கள். அது பௌர்ணமி நிலா அளவு. நிலா வெளிச்சத்தில் வேர் தெரியுமா? அப்புறம் "நான்கு மணி நேரம் ஓடும்" என்பது. அதே தரத்தில், லைட்டைப் போட்டு 30 விநாடியில் இருந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் ஓடும் நேரமாக எழுதலாம். ஐந்து நிமிடத்தில் பாதியாகி, மீதி நேரம் மினுக் மினுக்கென்று எரிந்தாலும் நான்கு மணி நேரம்தான். வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்ற வரைபடம் போட்டிருக்கும் கம்பெனியை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

நம் ஊருக்கு என்றே சில விஷயங்கள் உண்டு. மழை விட்ட ராத்திரியில் ஈசல் கிளம்பும். தலையில் விளக்கோடு போகிறவர்தான் அன்றைக்கு அவற்றின் கோயில் தெப்பம். வாயை மூடி ஓட்டுங்கள், கண்ணாடி போடுங்கள். அதே ராத்திரியில் பள்ளத்தில் பனிமூட்டம் தேங்கியிருக்கும். தலை லைட் அதில் பட்டு வெள்ளைச் சுவராகக் கண்ணுக்கே திரும்பி வரும். அங்கே தலையை அணைத்துவிட்டு ஹேண்டிலை மட்டும் நம்ப வேண்டும். ஆகவே பொத்தான் பெரிதாக, கையுறையோடு தடவினால் அகப்படும்படி இருக்க வேண்டும். என் இரண்டாவது லைட்டின் பொத்தான் உளுந்து அளவு. வெளிச்சத்தின் நிறமும் முக்கியம்: நீலம் கலந்த வெள்ளையில் செம்மண்ணும் காய்ந்த சருகும் ஒரே சாம்பலாகத் தெரிகின்றன. பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை கொட்டிப் பாதையே மூடிக் கிடக்கும்போது இது உயிர்ப் பிரச்சினை. இந்த நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; 4000, 5000 கெல்வின் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். தண்ணீர் தாங்கும் தரத்தில், மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதும் என்பார்கள். அது தெறிக்கும் தண்ணீருக்குத்தான். இடுப்பளவு கால்வாயில் ஏற்கெனவே நின்றவள் என்ற முறையில் நான் மூழ்கினாலும் தாங்கும் ஐபிஎக்ஸ்7 பார்ப்பேன்.

தலை லைட்டுக்கு ஒரு புண்ணியம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். செம்மண் சாலையில் ராத்திரி மாடுகள் படுத்திருக்கும். கறுப்பு மாடு, கறுப்பு ராத்திரி. ஆனால் மாட்டின் கண்ணில் பட்ட ஒளி வந்த வழியே திரும்பிப் போகும். விளக்கு நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அது நன்றாகத் தெரியும். தூரத்தில் இரண்டு பச்சைப் புள்ளி மின்னினால் பிரேக்கில் விரலை வைத்துக்கொள்கிறோம். காட்டுப்பன்றியின் கண் இப்படி மின்னாது; தாழ்வாக நான்கைந்து கறுப்பு உருவம் ஒன்றாக அசைந்தால் அது, குட்டிகளோடு. அங்கே நின்றுவிட வேண்டியதுதான். எலியைப் பிடிக்கச் செம்பனைக்குள் ஆந்தைப் பெட்டி வைத்திருப்பார்கள். அதை மட்டும் நிமிர்ந்து பார்க்காதீர்கள், பாவம், அது வேலை நேரத்தில் இருக்கிறது.

பார்ப்பது என்றதும் தோட்டத்து ஜாகா (காவல்காரர்) ஞாபகம். ஒரு சனிக்கிழமை, ஒன்பதரை மணி, செம்பனைக்குள் ஐந்து லைட் ஆடி ஆடிப் போவதைப் பார்த்துப் பழம் திருட வந்த கும்பல் என்று நினைத்துக் கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிள்) துரத்திக்கொண்டு வந்துவிட்டார். "யாருடா அது, நில்லு!" நான் மரியாதையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அதுதான் தப்பு. முழு வெளிச்சமும் கண்ணில் அடிக்க, மனிதர் கையைத் தூக்கி முகத்தை மறைத்து, கப்சாயோடு மட்டைக் குவியலில் போய் நின்றார். நல்லவேளை, அடி இல்லை. அண்ணன் எங்கள் ஆலைக்கு லோரி ஓட்டுகிறவரின் மைத்துனர் என்பதும் தெரிந்தது. மறுவாரமே தோட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம். அன்றிலிருந்து யாராவது பேசினால் முதலில் தாடையை நெஞ்சில் வைப்பது, அப்புறம்தான் வாயைத் திறப்பது என்று எங்களுக்குள் பழக்கம்.

பெயர் போட்டுத்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு: நியூசிலாந்தின் குளோவார்ம், ஜெர்மனியின் லூபைன் இரண்டிலும் பேட்டரி தனியாக, வயரோடு வரும் தலை லைட்டுகள் உண்டு. அம்மா வழி. இங்கிலாந்தின் எக்ஸ்போஷர் பேட்டரியை உள்ளேயே அடக்கிச் சின்னக் குழாய் மாதிரி செய்கிறது. வயர் பிடிக்காதவர்கள் அதைப் பார்க்கலாம். மூன்றும் என் சம்பளத்துக்கு யோசித்து வாங்க வேண்டிய விலை. எதை எடுத்தாலும் கடையில் தராசு கேளுங்கள். தலையில் ஏறும் துண்டு, பிடியோடு சேர்த்து 130 கிராமுக்கு மேல் போனால் நான் ஹேண்டிலுக்கு அனுப்பிவிடுவேன்.

மாட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெல்மெட்டின் முன் தட்டுக்குப் பின்னால் ரொம்பத் தள்ளி வைத்தால் தட்டு வெளிச்சம் வாங்கிக் கண் கூசும். முன்னால் தள்ளினால் சரியும். சைக்கிளில் ஏறி, ஓட்டும்போது குனிவது போலக் குனிந்துகொண்டுதான் கோணத்தைத் திருத்த வேண்டும். நின்றுகொண்டு திருத்தினால் ஏறிய பிறகு வெளிச்சம் முன் சக்கரத்தில் விழும். எனக்குப் பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் முன்னால் நடுப்புள்ளி விழ வேண்டும். வாசலிலிருந்து எதிர் வீட்டு வேலிக் கம்பம் சரியாக அந்தத் தூரம்.

என் 68 கிராம் லைட்டில் இப்போது ஒரே குறை, அதன் ஒட்டுப்பட்டை வியர்வையில் பிடிமானம் இழந்துவிட்டது. புதுப் பட்டை தேடியும் அந்த அளவில் அகப்படவில்லை. போன வாரம் அம்மா பழைய பாவாடை நாடாவை இரட்டையாக மடித்து, இரண்டு பித்தளைக் கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்தார். மூன்று ஓட்டம் ஆகிவிட்டது, இறக்கத்தில்கூட அசையவில்லை. ஒன்பது கிராம். தவுக்கே தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்று கறுப்பு நாடாவில் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.